சாம்பியன்ஷிப்புக்குப் பத்து வாரம், பிள்ளைகள் சோர்ந்து நிற்கிறார்கள்: என்ன செய்வது?

உங்கள் கேள்வி இதுதான்: 10 முதல் 15 வயது வரை பதினெட்டுப் பிள்ளைகள், நீச்சல் சாம்பியன்ஷிப்புக்கு இன்னும் பத்து வாரம், பாதிப் பேர் கடனே என்று பயிற்சிக்கு வந்து போகிறார்கள். பேசிப் பார்த்தாயிற்று, பரிசு தருவதாகச் சொல்லிப் பார்த்தாயிற்று, கொஞ்சம் சத்தமும் போட்டாயிற்று. இரண்டு நாள் நன்றாக நீந்துகிறார்கள், மூன்றாம் நாள் பழைய கதைதான். எப்படி ஊக்கப்படுத்துவது?

நானும் பல வருடங்களாக இந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான் பயிற்சி தருகிறேன். நீங்கள் செய்த மூன்றையும் செய்திருக்கிறேன். எனக்கும் இரண்டு நாளுக்கு மேல் நீடித்ததில்லை. நேற்று வராத ஒன்று இன்று தனக்கு வந்துவிட்டது என்று பிள்ளை தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும். அப்போது ஊக்கம் தானாக ஊறும். அப்படிப் பார்க்கிற மாதிரி பயிற்சியை அமைத்துக் கொடுப்பதுதான் நம் வேலை. நான் கீழே சொல்வதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். சோர்ந்திருக்கும் அந்த ஒன்பது பேரும் எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள்? 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 9 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. காலை ஐந்தரைப் பயிற்சிக்கு நாலே முக்காலுக்கு எழுகிற பிள்ளை, வீட்டுப்பாடம் முடித்து இரவு பதினொரு மணிக்குப் படுத்தால் கணக்கு என்ன ஆகிறது? ஆறு மணி நேரம்கூட இல்லை. அந்தப் பிள்ளைக்குக் குறைந்திருப்பது ஊக்கம் அல்ல, தூக்கம். ஒரு பையனைச் சோம்பேறி என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன். ஒரு நாள் உடை மாற்றும் அறைப் பெஞ்சில், தலையில் தொப்பி மாட்டியபடியே உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அன்று அவனிடம் கேட்ட கேள்விகளை இரண்டு மாதம் முன்பே கேட்டிருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு காலைப் பயிற்சிகளை அவனுக்கு ரத்து செய்தேன். மூன்று வாரத்தில் வேறு பையனாக இருந்தான். எனவே முதலில் பேசாதீர்கள், கேளுங்கள். தூக்கம், பள்ளிச் சுமை, தோள் வலி, வீட்டில் ஏதாவது பிரச்சினை. இதில் ஒன்று இருந்தால், நீங்கள் எவ்வளவு உற்சாகமாகப் பேசினாலும் அது அவர்களுக்கு இன்னொரு சுமைதான்.

சரி, தூங்குகிறார்கள், உடம்புக்கும் ஒன்றுமில்லை, ஆனாலும் மனம் இல்லை என்றால் இலக்கைப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் செய்யும் தவறு இங்கேதான். "100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நீ இப்போது 1:12 (ஒரு நிமிடம் 12 நொடி). சாம்பியன்ஷிப்பில் 1:09 அடிக்கணும்" என்கிறோம். பிள்ளையும் தலையாட்டுகிறது. ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அதே தூரத்தை எட்டாவது தடவையாக நீந்தும் ரிப்பீட்டில் கை கனக்கும்போது, அந்த 1:09-ஐ வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? அந்த எண் பத்து வாரம் தள்ளி எங்கோ இருக்கிறது. பிள்ளைக்குத் தேவை, இன்றைக்கு இந்தச் சுவரில், இந்த டர்னில் (சுவரில் திரும்புவதில்) செய்து பார்க்கக்கூடிய ஒன்று.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். வயது 12. ஆறேழு மாதமாக 100 ஃப்ரீஸ்டைலில் 1:15-க்குக் கீழே வரவே இல்லை. 1:15.4, 1:15.1, 1:15.8 என்று அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மீட் (போட்டி) முடிந்ததும் அழுகை. அப்புறம் அழுகையும் நின்றுவிட்டது, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒரு நாள் அவள் டர்ன் அடிப்பதைக் குளத்தின் பக்கவாட்டில் நின்று மொபைலில் படம் எடுத்து, மெதுவாக ஓடவிட்டுக் காட்டினேன். நான் எதுவும் சொல்லவில்லை, "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்டேன். மூன்றாவது தடவை பார்த்தபோது அவளே சொன்னாள்: கால் சுவரை விடுவதற்கு முன்பே கை பிரிந்துவிடுகிறது, வெளியே வந்த முதல் ஸ்ட்ரோக்கிலேயே மூச்சு எடுக்கிறேன்.

மூன்று விஷயங்கள் முடிவு செய்தோம். கால் சுவரை விட்டு, உடம்பு நேராகி நழுவும் வரை கை இரண்டும் ஸ்ட்ரீம்லைனில் (தலைக்கு மேலே நேராக நீட்டிச் சேர்த்தபடி) பூட்டியிருக்க வேண்டும். தண்ணீருக்கு அடியில் மூன்று டால்பின் கிக் (இரண்டு காலையும் சேர்த்து அடிக்கும் உதை). முதல் இரண்டு ஸ்ட்ரோக்கில் மூச்சு இல்லை. ஒரு தாளில் கட்டம் போட்டு, பிளாஸ்டிக் உறையில் செருகி, அவள் லேன் முனையில் வைத்தேன். ஒவ்வொரு பயிற்சியிலும் கடைசி செட்டில் (தொடர்ந்து நீந்தும் ரிப்பீட்களின் தொகுப்பு) வரும் 20 டர்னில் எத்தனை சரியாக வந்தது என்று அவளே எண்ணிக் குறிக்க வேண்டும். நான் சரிபார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முதல் நாள் 4. ஒரு கையால் சுவரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மறு ஈரக்கையால் பென்சிலைப் பிடித்து, மூச்சு வாங்கிக்கொண்டே அந்த 4-ஐ எழுதினாள். அடுத்த நாள் 5. மறுபடி 4. இரண்டாவது வாரம் ஒரு நாள் 9 எழுதிவிட்டு, பக்கத்து லேன் பிள்ளையிடம் உறையைத் திருப்பிக் காட்டினாள். அவள் முகம் மாறியது அன்றுதான். டைமிங் குறைந்ததெல்லாம் பிறகு. ஐந்தாவது வாரம் ஒரு சின்ன மீட்டில் 1:13-க்குக் கீழே வந்தாள். ஆனால் அதற்கு மூன்று வாரம் முன்பே அவள் பயிற்சிக்குச் சீக்கிரம் வரத் தொடங்கிவிட்டாள்.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது, பிள்ளைகளிடம் கணக்காகவே போட்டுக் காட்டலாம். 25 மீட்டர் குளத்தில் 200 மீட்டர் ரேஸில் ஏழு டர்ன் வருகிறது. ஒவ்வொன்றிலும் கால் நொடி மிச்சம் பிடித்தால் 1.75 நொடி. அதற்குக் கூடுதல் மூச்சும் வேண்டாம், கூடுதல் தசையும் வேண்டாம். உங்கள் சாம்பியன்ஷிப் 50 மீட்டர் குளத்தில் என்றால் அதே 200-க்கு மூன்று டர்ன்தான். அங்கே ஸ்ட்ரோக் நீளமும், ரேஸின் மூன்றாவது 50-ல் தளராமல் இருப்பதும் முக்கியம், குறிக்க வேண்டிய கட்டமும் அதற்கேற்ப மாறும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் கொடுப்பது சுவரை விட்டபின் தண்ணீருக்கு அடியில் வரும் அந்த ஒரு இழுப்பும் ஒரு டால்பின் கிக்கும். அதில் அவசரப்பட்டு நொடிகளை விடாத பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. ஒரு பிள்ளைக்கு ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். மேலே நான் மூன்று கொடுத்தேன் என்று நீங்கள் கேட்கலாம். அந்த மூன்றும் ஒரே டர்னின் பகுதி, அதனால் அவளுக்கு அது ஒன்றாகத்தான் தெரிந்தது.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இரண்டு உளவியலாளர்கள், மனிதனுக்கு ஒரு காரியத்தில் தானாக ஈடுபாடு வர மூன்று தேவை என்று சொன்னார்கள்: இது என் விருப்பம் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, இவர்கள் என் ஆட்கள் என்ற உணர்வு. இரண்டாவதற்குத்தான் அந்தத் தாள். முதலாவதற்கு, வாரத்தில் ஒரு பயிற்சியின் பிரதான செட்டைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் இரண்டு செட் எழுதிப் போடுங்கள். இரண்டும் உங்களுக்குச் சம்மதமான கடினம்தான், எது என்பதை அவர்கள் கை தூக்கி முடிவு செய்வார்கள். தாங்களே தேர்ந்தெடுத்த 10×100-ல் (100 மீட்டர், பத்து தடவை) எவ்வளவு முனகல் குறைகிறது என்று பாருங்கள்.

மூன்றாவதற்கு ரிலேதான் மருந்து. வாரத்தின் கடைசிப் பயிற்சியில் கடைசிப் பத்து நிமிடம், வயது கலந்த நான்கு பேர் அணிகள். பெரியவர்கள் தங்கள் அணிச் சிறுவர்களுக்கு டேக்ஓவர் (முன்னவர் சுவரைத் தொட்டதும் அடுத்தவர் பாய்வது) சொல்லித்தர வேண்டும். தனியாக 50 நீந்த மறுக்கும் பிள்ளைகூட, மறுமுனையில் பிளாக்கில் (பாயும் மேடையில்) ஒருவன் தனக்காகக் காத்து நிற்கிறான் என்றால் உயிரைக் கொடுத்து நீந்தும். 14, 15 வயதுக்காரர்களுக்கும் இது நல்லது. 10 வயதுப் பிள்ளைக்கு ஸ்ட்ரீம்லைன் சொல்லிக்கொடுத்தபின் அவர்களால் கையைப் பிரித்துக்கொண்டு சுவரை விட முடியாது, அந்தச் சின்னப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்.

பத்து வாரத்தில் உண்மையில் கடினமானவை நான்கு முதல் ஏழாவது வாரம் வரை. ஆரம்ப வேகம் போயிருக்கும், சாம்பியன்ஷிப் இன்னும் கண்ணுக்குத் தெரியாது, பயிற்சி அளவோ உச்சத்தில் இருக்கும், டைமிங் மோசமாகத்தான் வரும். இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "அடுத்த நாலு வாரம் கை கால் கனக்கும், டைம் மெதுவாக வரும், அது சரியாகப் போகிறது என்றுதான் அர்த்தம்." தெரிந்து வரும் சோர்வைத் தாங்கிக்கொள்வார்கள். தெரியாமல் வந்தால் 'நான் வீணாகிவிட்டேன்' என்று நினைத்துவிடுவார்கள். இந்த வாரங்களில் தினமும் ஸ்டாப்வாட்சை நீட்டாதீர்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரே மாதிரி டெஸ்ட் செட் போதும். நான் கொடுப்பது 8×50, ஒரே இடைவெளியில், எட்டின் சராசரி. சிறந்த ஒன்றை எழுதுவதில்லை, சராசரியை மட்டும். அப்போதுதான் முதல் இரண்டில் பாய்ந்துவிட்டுக் கடைசியில் சாகிற பழக்கம் போகும்.

அடுத்தது ஒப்பீடு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பிள்ளைகள் நீச்சலை விட்டுப் போவதற்கு நான் கண்ட பெரிய காரணம் இதுதான். பெண் பிள்ளைகளுக்கு உயரம் வேகமாகக் கூடுவது பெரும்பாலும் 12 வயதை ஒட்டி, ஆண் பிள்ளைகளுக்கு 14-ஐ ஒட்டி. ஆனால் ஒரே வயதுப் பிரிவில் நிற்கும் இரண்டு பேருக்கு இடையில் இதில் இரண்டு மூன்று வருட வித்தியாசம் சாதாரணம். 12 வயதில் எல்லாரையும் தோற்கடிக்கும் பையன், பல நேரம் முதலில் வளர்ந்துவிட்ட பையன், அவ்வளவுதான். மற்றவர்கள் வளர்ந்து வரும்போது அவன் திகைத்துப்போய் "எனக்குத் திறமை போய்விட்டது" என்பான். இன்னொரு பக்கம், வளர்ச்சிக்குப் பிறகு ஒரு வருடம், ஒன்றரை வருடம் டைமிங் அசையாமல் நிற்கும் பெண் பிள்ளைகள். உடல் வடிவம் மாறியிருக்கிறது, தண்ணீரில் மிதக்கும் நிலையே மாறியிருக்கிறது, பழைய ஸ்ட்ரோக் புதிய உடம்புக்குப் பொருந்தவில்லை. இதை யாரும் சொல்லாததால் தன் மேலேயே பழி போட்டுக்கொண்டு விலகிப் போய்விடுகிறார்கள்.

இருவரிடமும் வெளிப்படையாகப் பேசுங்கள். அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 15 வயதில், 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 பட்டர்ஃபிளையில் ஐந்தாவது வந்தார், பதக்கம் இல்லை. அடுத்த வருடம் மார்ச்சில் அதே ரேஸில் உலக சாதனை. கேட்டி லெடெக்கி 15 வயதிலேயே 2012 லண்டனில் 800 ஃப்ரீஸ்டைல் தங்கம் வென்றார். ஆன்டனி எர்வின் 2000-ல் 19 வயதில் 50 ஃப்ரீஸ்டைலில் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டவர், நடுவில் பல வருடம் நீச்சலையே விட்டிருந்து, 2016 ரியோவில் 35 வயதில் அதே ரேஸை மறுபடி வென்றார். பிள்ளைகளிடம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். லெடெக்கியை மட்டும் சொன்னால் 15 வயதுப் பிள்ளை, தனக்குக் காலம் கடந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும்.

உடல் எடையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தைகூட வேண்டாம். எல்லார் முன்னாலும் எடை பார்ப்பது, "கொஞ்சம் குறைத்தால் வேகம் வரும்" என்பது, எதுவும் கூடாது. சரியாகச் சாப்பிடாமல் இத்தனை கிலோமீட்டர் நீந்தும் வளரும் பிள்ளைக்கு எலும்பு, மாதவிடாய், மனநிலை எல்லாமே பாதிக்கும். மாதவிடாய் நாளில் ஒரு பெண் பிள்ளை, "இன்று முடியவில்லை" என்றால் காரணம் கேட்காமல் சரி என்று சொல்லும் கோச்சிடம்தான் அவள் மறுநாள் மனதோடு வருவாள். தசை களைப்பு வேறு, தோள் மூட்டு வலி வேறு. மூட்டு வலி என்றால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கடைசி மூன்று நான்கு வாரத்தில் ரேஸை ஒத்திகை பாருங்கள், குறிப்பாக அது சொதப்பினால் என்ன செய்வது என்பதை. 2008 பெய்ஜிங்கில் 200 பட்டர்ஃபிளை இறுதிச் சுற்றில் ஃபெல்ப்ஸின் காகிள்ஸுக்குள் (நீச்சல் கண்ணாடிக்குள்) தண்ணீர் நிறைந்துவிட்டது. கடைசி 50-ல் சுவரே தெரியவில்லை. அவர் ஸ்ட்ரோக்கை எண்ணியே நீந்தி முடித்தார். 1:52.03, உலக சாதனை. எண்ணத் தெரிந்திருந்ததால்தான் அது முடிந்தது. எங்கள் பயிற்சியில் "கெட்ட நாள்" என்று ஒன்று வைத்திருக்கிறேன். முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்வோம், பிள்ளையை ஏமாற்றி அதிர வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அன்று காகிள்ஸ் இல்லாமல் ஒரு 50. பிளாக்கில் ஏறியபின் நீண்ட தாமதம், இறக்கி மறுபடி ஏற்றுவது. கால் வழுக்கிய மோசமான ஸ்டார்ட்டிலிருந்து ரேஸை முடிப்பது. பிள்ளைகளிடமே "உங்களுக்கு எதை நினைத்தால் பயம்?" என்று எழுதி வாங்குங்கள். ஒரு பையன் எழுதினான்: "பக்கத்து லேன்காரன் என்னைவிட உயரமாக இருந்தால்." அதையும் ஒத்திகை பார்த்தோம், எங்கள் குழுவின் உயரமான அண்ணனைப் பக்கத்து லேனில் நிறுத்தி.

விதிகளையும் இப்போதே ஊறப்போடுங்கள். பட்டர்ஃபிளையிலும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும், பிரெஸ்ட்ஸ்ட்ரோக் தவிர மற்ற மூன்று ஸ்ட்ரோக்கில் தண்ணீருக்கு அடியில் 15 மீட்டர்தான் எல்லை. பத்து வாரம் உழைத்துவிட்டு ஒரு கை தொடுதலில் தகுதி இழப்பது, பிள்ளை மனதை அடியோடு உடைத்துவிடும். பயிற்சியில் ஒரு கையால் தொட்டால் அந்த ரிப்பீட் கணக்கில் இல்லை என்று வைத்துவிடுங்கள்.

டேப்பர் (சாம்பியன்ஷிப்புக்கு முன் பயிற்சியைக் குறைப்பது) பற்றிச் சுருக்கமாக. பெரியவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மூன்று வாரம் தூரத்தைப் பாதியளவுக்குக் குறைத்து, வேகத்தை அப்படியே வைத்துக்கொள்வோம். உங்கள் 14, 15 வயதுக்காரர்களுக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். 10, 11 வயதுப் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு நாள் லேசாக்கினாலே துள்ளிக்கொண்டு நிற்பார்கள். இந்த நாட்களில் சிலர் எரிச்சலாக இருப்பார்கள், சிலர் "தண்ணீரே பிடிபடவில்லை" என்பார்கள். அது கடந்து போகும். புதிதாக ஸ்ட்ரோக்கை மாற்ற இது நேரமில்லை. விலை உயர்ந்த டெக் சூட் (வேகத்துக்கென்று செய்த ரேஸ் உடை) வாங்கித் தந்தால் ஊக்கம் வரும் என்று பெற்றோர் கேட்டால், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அமெரிக்க நீச்சல் சங்கமே 2020 முதல் 12 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் அதைப் போட்டு ரேஸில் இறங்கக் கூடாது என்று வைத்துவிட்டது.

பெற்றோரை ஒருமுறை தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள், இப்போதே. அவர்களிடம் இரண்டே கோரிக்கை. டைமிங் பற்றியும் டெக்னிக் பற்றியும் வீட்டில் பேச வேண்டாம், அதை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். ரேஸ் முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில், பிள்ளையாகப் பேச்சை எடுக்கும் வரை ரேஸைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம். நன்றாக நீந்தாத பிள்ளைக்கு அந்தப் பயணம்தான் முழு சாம்பியன்ஷிப்பிலும் மிக நீளமான தூரம். பெரும்பாலான பெற்றோருக்கு இது தெரியாது, சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

ரேஸ் அன்று வயிறு பிசையும், கை சில்லிடும், சிலருக்கு வாந்திகூட வரும். "பயப்படாதே" என்று சொல்வதால் யாருடைய பயமும் போனதில்லை. "உன் உடம்பு தயாராகிறது, படபடப்பு வேகத்துக்கான எரிபொருள்" என்று சொல்லிப் பாருங்கள். அதோடு செய்ய ஒரு வேலையும் கொடுங்கள்: மூன்று நீண்ட மூச்சு, கையைச் சுழற்று, உன் அந்த ஒரு விஷயத்தை எனக்குச் சொல். "கை பூட்டு, மூன்று கிக்" என்று பிள்ளை சொல்லிவிட்டுப் போகட்டும். பிளாக்குக்குப் போகும்போது தலையில் அதற்கு மேல் எதுவும் இருக்க வேண்டாம்.

முடித்துச் சுவரைத் தொட்டதும் போர்டைப் பார்ப்பார்கள், அடுத்த நொடி உங்கள் முகத்தைத் தேடுவார்கள். டைமிங் எதுவாக இருந்தாலும் அந்த நொடியில் நீங்கள் ஸ்டாப்வாட்சைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உங்களிடம் வந்து நிற்கும்போது முதலில் டவலைக் கொடுங்கள். பிறகு ஒரே கேள்வி: "டர்ன் எத்தனை சரியாக வந்தது?" ரேஸ் மோசமாகப் போய் அழுதுகொண்டு வந்த பிள்ளைகூட அதற்கு விரலை மடக்கி எண்ணத் தொடங்கும். "மூணுல ரெண்டு, சார்." சரி, நல்லது என்று சொல்லி, 200 மீட்டர் மெதுவாக நீந்தி உடம்பைத் தளர்த்திக்கொண்டு வரச் சொல்லுங்கள். மற்றதை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.